சிஆர்பி நார்மல், வயிறு நார்மல் இல்லை: யூசிக்காரர்கள் ரத்த ரிப்போர்ட்டைப் படிக்கும் விதம்

போன ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை. லேப் கதவைத் திறந்து ஊதுபத்தி வைப்பதற்குள் ஒரு தம்பி வந்து நின்றுவிட்டார். அவருக்கு யூசி, அதாவது அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் என்ற பெருங்குடல் நோய். இரண்டு ரிப்போர்ட்டை மேசையில் விரித்தார்.

"ஏனுங்கக்கா, சிஆர்பி 14ல இருந்து 0.9க்கு இறங்கிருச்சுங்க. மாத்திரையக் கொறச்சுக்கலாமுங்களா?"

"மோஷன் எப்படிப் போகுதுங்க தம்பி?"

"அதுதாங்க புரியல. ராத்திரி ரெண்டு தடவ எந்திரிக்கறேன். ரத்தமும் நிக்கல."

சிஆர்பி என்பது உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் ரத்த டெஸ்ட். முதல் ரிப்போர்ட் எங்கள் லேபில் எடுத்தது. இரண்டாவது அவர் வேலை பார்க்கும் ஊரில் எடுத்தது. எங்கள் மெஷின் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று கொடுக்கும். அந்த லேப் டெசிலிட்டருக்கு எத்தனை என்று கொடுத்திருக்கிறது. ஒரு லிட்டருக்குப் பத்து டெசிலிட்டர். அப்படியானால் அவருடைய 0.9 எங்கள் கணக்கில் 9. பதினாலு ஒன்பதாகியிருக்கிறது, அவ்வளவுதான். ஐந்துக்குக் கீழேதான் நார்மல். அந்த லேபும் பக்கத்திலேயே "0.5க்குக் கீழ்" என்று அச்சடித்துத்தான் வைத்திருந்தது. அதை யார் பார்க்கிறார்கள்? தடித்த எழுத்தில் இருக்கும் எண்ணைத்தான் கண் தேடும்.

உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு சின்ன லேபில் 2003லிருந்து டெக்னீஷியனாக இருக்கிறேன். 2014லிருந்து எனக்கும் அல்சரேட்டிவ் கோலைட்டிஸ். ஊசி குத்துகிற கையும் என்னுடையது, குத்து வாங்குகிற கையும் என்னுடையது. பெயரில் அல்சர் என்று இருப்பதால் சொந்தக்காரர்கள் எல்லோரும் நேரத்துக்குச் சாப்பிடு, மோர் குடி, காரம் குறை என்றார்கள். இது இரைப்பைப் புண் இல்லை, பெருங்குடலின் உள்தோலில் வருகிற அழற்சி என்று விளக்கி விளக்கி ஓய்ந்துவிட்டேன். இப்போது மோரையும் குடித்துவிடுகிறேன்.

டாக்டர் செய்கிற வேலையை இங்கே சொல்லித்தரப் போவதில்லை. கையில் இருக்கும் ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது, எதை எழுதி வைப்பது, எதற்குப் பயப்படுவது என்பதை மட்டும் சொல்கிறேன்.

சிஆர்பி

சி-ரியாக்டிவ் புரோட்டீன் என்பது கல்லீரல் செய்கிற புரதம். உடம்பில் எங்கோ அழற்சி மூண்டால் இன்டர்லூகின்-6 என்ற சமிக்ஞை கல்லீரலுக்குப் போகும், கல்லீரல் இதை ரத்தத்தில் கொட்டும். 1930ல் நியூயார்க் ராக்ஃபெல்லர் ஆஸ்பத்திரியில் டில்லெட், ஃபிரான்சிஸ் என்ற இருவர் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் இதைக் கண்டார்கள். நிமோனியாக் கிருமியின் 'சி' என்ற சர்க்கரைப் பொருளோடு சேர்ந்து திரிந்ததால் அந்தப் பெயர். பிறந்த கதையே நிமோனியாவில்தான். குடலுக்கென்று ஏற்பட்ட டெஸ்ட் இல்லை இது, உடம்பில் எங்கே தீப்பிடித்தாலும் ஏறும்.

நல்ல குணம் ஒன்று உண்டு: வேகம். அழற்சி தொடங்கிச் சில மணி நேரத்தில் ஏற ஆரம்பித்து இரண்டு நாளுக்குள் உச்சம் தொடும். தூண்டுதல் நின்றுவிட்டால் ஏறக்குறைய 19 மணி நேரத்துக்கு ஒரு முறை பாதியாகும். அதனால்தான் ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்களுக்கு நாள் தவறாமல் எடுக்கிறார்கள்.

கெட்ட குணம்தான் நம்மைப் படுத்துகிறது. குரோன்ஸ் என்ற இன்னொரு குடல் அழற்சி நோயில் ஏறுகிற அளவுக்கு யூசியில் சிஆர்பி ஏறுவதில்லை. குரோன்ஸ் குடல்சுவரின் முழு ஆழத்துக்கும் இறங்கும், யூசி பெரும்பாலும் உள்தோலோடு நின்றுவிடும் என்பதை ஒரு காரணமாகச் சொல்வார்கள். அழற்சி மலக்குடலில் மட்டும் இருந்தால், அதாவது புராக்டைட்டிஸ் என்றால், ரத்தம் கொட்டிக்கொண்டிருக்கும்போதே சிஆர்பி நார்மலாக நிற்கலாம்.

என் நோட்டிலிருந்து இரண்டு வரி (இஎஸ்ஆர் என்பது அழற்சியைக் காட்டும் இன்னொரு ரத்த டெஸ்ட், பிறகு சொல்கிறேன்):

2014 ஜூலை 21. மோஷன் 7. ராத்திரி 2. ரத்தம், சளி. சிஆர்பி 3.1. இஎஸ்ஆர் 26. ஹீமோகுளோபின் 11.2.

2017 மார்ச் 9. மோஷன் 2. ராத்திரி இல்லை. ரத்தம் இல்லை. சிஆர்பி 38. இஎஸ்ஆர் 40. கடைவாய்ப் பல் வீக்கம்.

சிஆர்பியை மட்டும் பார்க்கிறவர் 2014ல் என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டு 2017ல் ஸ்டீராய்டு கொடுத்திருப்பார். 2014ல் உண்மையாகவே ஒருவர், மூலம்தான் என்று களிம்பு எழுதிக் கொடுத்தார். ரெண்டு மாசம் தடவினேன். கோயம்புத்தூரில் கொலனோஸ்கோபி செய்து திசுத் துணுக்கு எடுத்துப் பார்த்த பிறகுதான் பெயர் தெரிந்தது. 2017ல் பல் டாக்டர் சீழை எடுத்துவிட்டார், பத்து நாளில் சிஆர்பி 4.

ஆகவே நீங்கள் முதலில் கண்டுபிடிக்க வேண்டியது, உங்கள் சிஆர்பி வாய் திறக்கிற ரகமா, ஊமையா என்பது. இதற்குக் குறைந்தது இரண்டு ரிப்போர்ட் வேண்டும். உடம்பு நன்றாக, அமைதியாக இருக்கும்போது ஒன்று. நோய் கிளம்பியதும், ஸ்டீராய்டு தொடங்குவதற்கு முன்பு ஒன்று. இரண்டுக்கும் நடுவில் பெரிய வித்தியாசம் இருந்தால் உங்களுக்கு இது பயன்படும் டெஸ்ட். 3லிருந்து 4.4 ஆனதெல்லாம் வித்தியாசம் இல்லை. ரெண்டும் ஒன்றுதான், தூங்கப் போங்கள். வித்தியாசமே தெரியவில்லை என்றால் இந்த எண்ணை வைத்து நிம்மதியும் அடையாதீர்கள், பதறவும் பதறாதீர்கள். அந்த இரண்டு ரிப்போர்ட்டையும் டாக்டரிடம் காட்டுங்கள், வேறு வழியில் பார்ப்பார்.

ஊமையாக இருந்தது பிறகு பேசவும் செய்யலாம். 2019ல் எனக்கு நோய் இடப்பக்கம் முழுக்க ஏறியபோது சிஆர்பி 64. அதே உடம்பு, அதே கல்லீரல்.

லேப்காரியாக இன்னொன்று. சின்ன ஊர்களில் சிஆர்பியை இன்னும் ஸ்லைடில் பார்க்கிறார்கள். ஒரு சொட்டு சீரம், ஒரு சொட்டு லேட்டக்ஸ், இரண்டு நிமிஷம் ஸ்லைடை ஆட்டினால் திரிதிரியாகத் தெரியும். திரிந்தால் பாசிட்டிவ், லிட்டருக்கு ஆறு மில்லிகிராமுக்கு மேல் என்று அர்த்தம். எவ்வளவு என்று பார்க்க சீரத்தைப் பாதிப் பாதியாக நீர்க்கச் செய்துகொண்டே போக வேண்டும். அதனால் விடை 6, 12, 24, 48 என்று இரட்டித்துத்தான் வரும். உங்கள் ரிப்போர்ட்டில் தடவைக்குத் தடவை இந்த எண்களே இருந்தால் அது ஸ்லைடில் பார்த்தது. அதில் 12 என்பது பதிமூன்றாகவும் இருக்கலாம், இருபதாகவும் இருக்கலாம். மிக அதிகமாக இருந்தால் திரியாமலே போய் நெகட்டிவ் என்று ஏமாற்றுவதும் உண்டு. "குவான்டிடேட்டிவ் சிஆர்பி, மெஷின்ல பாருங்க" என்று கேளுங்கள். கொஞ்சம் கூடுதல் காசு, ஆனால் அடுத்த தடவையோடு ஒப்பிட ஒரு எண் கிடைக்கும்.

ஹெல்த் செக்கப் பேக்கேஜில் ஹெச்எஸ்-சிஆர்பி என்று ஒன்று வரும். அதுவும் இதே புரதம்தான், நுணுக்கமாக அளப்பது மட்டுமே வேறு. 3க்கு மேல் என்றால் இதயத்துக்கு ஆபத்து என்று கீழே அச்சாகியிருக்கும். குடல் அழற்சியில் இருக்கும்போது அந்த வரிக்கு அர்த்தம் கிடையாது. போன வருஷம் ஒரு அம்மா இதைப் பார்த்துவிட்டு ஈசிஜி, எக்கோ எல்லாம் எடுத்துவிட்டு வந்தார்.

இஎஸ்ஆர்

இது எனக்குப் பிடித்த டெஸ்ட். நம்பிக்கையால் அல்ல, பார்க்க அழகாக இருக்கும் என்பதால். கருப்பு மூடி டியூபில் நான்கு பங்கு ரத்தம், ஒரு பங்கு சிட்ரேட். அதை 200 மில்லிமீட்டர் அளவு போட்ட வெஸ்டர்கிரன் குழாயில் ஏற்றி ஸ்டாண்டில் நிமிர்த்தி நிறுத்திவிட்டு, சரியாக ஒரு மணி நேரம் கழித்து வர வேண்டும். சிவப்பணுக்கள் கீழே இறங்கியிருக்கும், மேலே தேன் நிறத்தில் பிளாஸ்மா தெளிந்து நிற்கும். அந்தத் தெளிவின் உயரம்தான் இஎஸ்ஆர். அழற்சியின்போது ரத்தத்தில் ஃபைப்ரினோஜன் என்ற புரதம் கூடும். சிவப்பணுக்கள் அப்பளக் கட்டு மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஒட்டும், கனம் கூடி வேகமாக இறங்கும்.

2016 ஜூனில் என் இஎஸ்ஆர் 52 வந்தது. அதற்கு முந்தைய மாசம் 24. வயிற்றில் ஒரு தொந்தரவும் இல்லை. அன்றைக்கெல்லாம் வேலை ஓடவில்லை, மறுபடி ஆரம்பித்துவிட்டது என்றே நினைத்தேன். சாயங்காலம் ஸ்டாண்டைத் துடைக்கும்போதுதான் பார்த்தேன், அடியில் ஒரு ரப்பர் கால் கழன்று போய் ஸ்டாண்டு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. குழாய் லேசாகச் சாய்ந்தாலே அணுக்கள் கீழ்ச்சுவரில் சறுக்கிக்கொண்டு சீக்கிரம் இறங்கிவிடும். மறுநாள் புதிதாக எடுத்ததில் 27. அன்றைக்கு என்னோடு எடுத்த மற்ற மூன்று பேரையும் கூப்பிட்டு மறுபடி எடுத்துக் கொடுத்தேன். கொத்தனார் வைத்திருக்கிற ரசமட்டம் ஒன்று வாங்கி அந்த மேசையிலேயே வைத்திருக்கிறேன். காலையில் முதல் வேலை அதை வைத்துப் பார்ப்பதுதான்.

சாய்வு மட்டுமல்ல. அறை வெக்கையாக இருந்தால் கூடும். ரத்தம் எடுத்து வெகுநேரம் வெளியில் கிடந்தால் குறையும், நான்கு மணி நேரத்துக்குள் குழாயில் ஏற்றிவிட வேண்டும். வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்துப் போகிறவர்களிடம், எத்தனை மணிக்கு லேப் போய்ச் சேரும் என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

அதற்கும் மேல், ரத்தசோகை இருந்தாலே இஎஸ்ஆர் ஏறும். யூசிக்காரர்களில் பாதிப் பேர் சோகையோடுதான் என் எதிரில் உட்காருகிறார்கள். அழற்சி அடங்கின பின்னும் ஹீமோகுளோபின் 9ல் நின்றால் இஎஸ்ஆர் கீழே வராது. கர்ப்பத்தில் ஏறும். வயது ஏற ஏற ஏறும். ஒரு குத்துமதிப்புக் கணக்கு உண்டு: ஆண் என்றால் வயதில் பாதி, பெண் என்றால் வயதோடு பத்தைக் கூட்டிப் பாதி. எனக்கு 46. ஆக 28 வரைக்கும் நான் கவலைப்படுவதில்லை, ரிப்போர்ட் 20க்கு மேல் சிவப்பில் அச்சடித்தாலும்.

இது மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். சிஆர்பி இறங்கி இஎஸ்ஆர் இன்னும் உயரத்தில் இருந்தால் பெரும்பாலும் பின்தங்கி வருகிறது என்றுதான் அர்த்தம். வாரக்கணக்கில் விட்டுப் பாருங்கள்.

பக்கத்தில் இருக்கும் எண்கள்

ரிப்போர்ட்டில் யாரும் பார்க்காத வரிகள் சில இருக்கின்றன. என்னைக் கேட்டால் அவைதான் யூசியில் அதிகம் பேசுகின்றன.

ஆல்புமின். 3.5க்கு மேல் இருக்க வேண்டும். இது சிஆர்பிக்கு நேர்மாறு, அழற்சி கூடினால் இது குறையும். கல்லீரல் இதைச் செய்வதைக் குறைத்துக்கொள்ளும், புண்ணான குடல் வழியாகவும் கசியும். ரத்தத்தில் இதன் பாதி ஆயுள் மூன்று வாரத்துக்குக் கிட்டத்தட்ட. 2.8 என்று வந்தால் சாப்பாட்டில் முட்டையைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம், டாக்டருக்கு போன் போடுங்கள். முட்டையையும் சாப்பிடுங்கள்.

பிளேட்லெட். டெங்கு வந்ததிலிருந்து குறைவதற்கு மட்டும்தான் எல்லோருக்கும் பயம். யூசியில் கூடுவதைப் பார்க்க வேண்டும். நாலரை லட்சத்தைத் தாண்டினால் அழற்சி இருக்கலாம், இரும்புச் சத்துக் குறைவு இருக்கலாம், நமக்குப் பல நேரம் ரெண்டும் சேர்ந்து.

வெள்ளை அணுக்கள். பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு சாப்பிடுகிறவருக்கு 14,000 வந்தால் அது மருந்தின் வேலையாகவே இருக்கலாம். நோய் எதிர்ப்பை அடக்கும் அசாதயோப்ரின் சாப்பிடுகிறவருக்கு 3,000 வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் சொல்ல வேண்டும். எந்த மருந்தில் இருக்கிறீர்கள் என்று தெரியாமல் இந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

ஃபெரிட்டின். இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். உடம்பின் இரும்புக் கையிருப்பைச் சொல்கிற எண் என்றாலும் அழற்சி வந்தால் இதுவும் சேர்ந்து ஏறும். சும்மா இருக்கும் காலத்தில் 30க்குக் கீழே இருந்தால் இரும்பு குறைவு. நோய் கிளம்பியிருக்கும்போது 100க்குக் கீழே இருந்தாலே குறைவு இருக்கலாம். ரிப்போர்ட்டில் 70 என்று நார்மலாக அச்சாகியிருக்கும், ஆள் மாடிப்படி ஏற மூச்சு வாங்குவார். ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று சொல்லும் டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷனையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ரத்தத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன், ஆனாலும் கால்ப்ரோடெக்டினைச் சொல்லாமல் விட்டால் பாவம். இது மலத்தில் பார்ப்பது. நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்களுக்குள் இருக்கும் புரதம். குடலில் அழற்சி இருந்தால் அந்த அணுக்கள் அங்கேயே வந்து இறங்கும், புரதம் மலத்தோடு வெளியே வரும். பல் வீங்கினால் இது ஏறாது. சிஆர்பி ஊமையாக இருப்பவர்களுக்கு இதுதான் வாய். தொந்தரவு ஏதும் இல்லாதவருக்கு 150க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் குடல் அமைதி என்று எடுத்துக்கொள்கிறார்கள், அமெரிக்க குடல்நோய் டாக்டர்கள் சங்கத்தின் 2023 வழிகாட்டுதலும் அந்த அளவைத்தான் வைத்திருக்கிறது. விலை சிஆர்பியைப் போலப் பல மடங்கு, சின்ன லேபுகள் பெரிய ஊருக்குத்தான் அனுப்பும். சிறுநீர் கலக்காமல் எடுங்கள். இடுப்பு வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போட்டிருந்தால் சொல்லிவிடுங்கள். அவை எண்ணையும் ஏற்றும், சிலருக்கு நோயையே கிளப்பும்.

எடுக்கிற நாளும் எழுதுகிற நோட்டும்

சிஆர்பிக்கும் இஎஸ்ஆருக்கும் வெறும் வயிறு தேவையில்லை. காலையில் பட்டினியாக வந்து பெஞ்சில் மயங்கி விழுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். இட்லி சாப்பிட்டுவிட்டு, தண்ணீர் நிறையக் குடித்துவிட்டு வாருங்கள், நரம்பும் சுலபமாகக் கிடைக்கும். இரும்புக் கணக்குப் பார்ப்பதென்றால் மட்டும் காலை நேரம் நல்லது, முதல் நாள் இரும்பு மாத்திரையை விடலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சளி, ஜுரம், சிறுநீர்க் கடுப்பு இருக்கிற வாரத்தில் வழக்கமான செக்கப்பைத் தள்ளிப்போடுங்கள். தள்ள முடியாவிட்டால் அதை ரிப்போர்ட் ஓரத்திலேயே பேனாவால் எழுதுங்கள். முடிந்தவரை ஒரே லேப். ஊர் மாறினால் யூனிட்டை எழுதாமல் எண்ணை எழுதாதீர்கள்.

நாற்பது ரூபாய் நோட்டு போதும். தேதி, மோஷன் எத்தனை, ராத்திரி எத்தனை, ரத்தம் உண்டா, அப்புறம் எண்கள், கடைசியில் "வேறென்ன" என்று ஒரு கட்டம். பல்வலி, மாத்திரை விட்டுப்போன நாள், வயலுக்குப் போய்ப் பட்ட காயம் எல்லாம் அதில். டாக்டர் முன்னால் இருக்கும் ஐந்து நிமிஷத்தில் போனில் போட்டோவைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

அடிக்கடி எடுக்காதீர்கள். லேபில் இருக்கிற வசதியில் 2015ல் மூன்று நாளுக்கொரு தடவை நானே குத்திக்கொண்டேன். 2.8, 3.3, 2.6 என்று எழுதி எழுதிப் பார்த்ததில் தூக்கம் போனதுதான் மிச்சம். மருந்து மாற்றினால் எத்தனை வாரம் கழித்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டரையே கேட்டு அந்தத் தேதியை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். சிஆர்பி நார்மல் ஆகிவிட்டது என்று யூசிக்கு வழக்கமாகக் கொடுக்கும் மெசலமின் மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஏறிவிட்டது என்று வீட்டில் மிச்சமிருக்கும் ஸ்டீராய்டைத் தொடங்கவும் செய்யாதீர்கள். கிளம்பியிருப்பது யூசியா, வெறும் கிருமித் தொற்றா என்று மலத்தை ஒரு தடவை பார்த்துத்தான் டாக்டர்களே முடிவு செய்கிறார்கள்.

லேபுக்கு வரக் கூடாத நாள்

1955ல் ஆக்ஸ்ஃபோர்டில் ட்ரூலவ், விட்ஸ் என்ற இரு டாக்டர்கள் கார்டிசோன் என்ற ஸ்டீராய்டை யூசிக்குக் கொடுத்துப் பார்த்தபோது, கடுமையான யூசி எது என்று ஒரு கோடு போட்டார்கள். இன்றைக்கும் அந்தக் கோடுதான். ஒரு நாளில் ஆறு தடவையோ அதற்கு மேலோ ரத்தத்தோடு போவது, கூடவே இவற்றில் ஒன்றாவது: நாடி 90க்கு மேல், ஜுரம் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டுவது, ஹீமோகுளோபின் 10.5க்குக் கீழ், இஎஸ்ஆர் 30க்கு மேல். இப்போது இஎஸ்ஆருக்குப் பதில் சிஆர்பி 30க்கு மேல் என்றும் வைத்துக்கொள்கிறார்கள். முதல் இரண்டையும் வீட்டிலேயே பார்த்துவிடலாம். அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டால் எங்கள் லேப் மாதிரி ஒரு லேபின் பெஞ்சில் வந்து உட்காராமல் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ரத்தம் அங்கே எடுப்பார்கள்.

2019 ஆகஸ்டில் நான் அப்படிப் போனவள்தான். மோஷன் 10, நாடி 108, ஹீமோகுளோபின் 9.8, சிஆர்பி 64. நரம்பில் ஸ்டீராய்டு ஏற்றினார்கள். மூன்றாம் நாள் காலையில் டாக்டர் முதலில் மோஷன் எத்தனை என்று கேட்டார், பிறகுதான் சிஆர்பி தாளைப் புரட்டினார். நான்கு தடவை, சிஆர்பி 31. ஏன் அந்த மூன்றாம் நாள் என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். இதுவும் ஆக்ஸ்ஃபோர்டு கணக்குதான், 1996ல் வந்தது: மூன்றாம் நாளும் எட்டுக்கு மேல் போய்க்கொண்டிருந்தால், அல்லது மூன்றிலிருந்து எட்டுக்குள் இருந்து சிஆர்பி 45ஐத் தாண்டி நின்றால், ஸ்டீராய்டு மட்டும் போதாது, அறுவை சிகிச்சை வரைக்கும் போக வாய்ப்பு அதிகம். அப்போது அடுத்த மருந்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். நாளுக்கொரு தடவை குத்துகிறார்களே என்று ஆஸ்பத்திரியில் சலித்துக்கொள்ளாதீர்கள், நானும் சலித்துக்கொண்டேன்.

அந்த 0.9 தம்பி மாத்திரையைக் குறைக்கவில்லை. கோயம்புத்தூர் டாக்டர் எனிமா ஒன்றைச் சேர்த்துக் கொடுத்திருக்கிறார். மாசியில் மறுபடி வந்தார், கையில் நோட்டு. "2.1 வந்திருக்குதுங்கக்கா. லிட்டருக்குத்தான், பார்த்துட்டேன்" என்று சிரித்தார். ராத்திரி எழுவது நின்றிருந்தது, ரத்தம் எப்போதாவது ஒரு கோடு. கூட அனுப்பியிருந்த கால்ப்ரோடெக்டின் அடுத்த புதன்கிழமைதான் வந்தது: 410. போனில் சொன்னேன். எனிமாவை நிறுத்தலாம் என்று இருந்தாராம். வெள்ளிக்கிழமைக்கு டாக்டரிடம் டோக்கன் போட்டிருக்கிறேன் என்றார்.